ஏற்றினால் தாமதமாக ஏறும் ஸ்கோப், "அளவுக்குள் உள்ளது" என்று திருப்பி அனுப்பும் சர்வீஸ்

வெண்புள்ளி:

.308 ரகத் தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். மேலே குறிபார்க்க 30 மி.மீ. குழாய் ஸ்கோப், 4-16 உருப்பெருக்கம், மில் ரெட்டிகிள் (உள்ளே தெரியும் குறிக்கோடுகள்), திருகின் ஒரு கிளிக்குக்கு 0.1 மில். மில் என்பது கோண அளவு, 100 மீட்டரில் 1 மில் 10 செ.மீ. எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. பெயரைப் போட்டால் பேச்சு அந்த பிராண்டைச் சுற்றியே ஓடும், நான் கேட்க வந்தது அமுங்கிப்போகும்.

கோளாறு இதுதான். 100 மீட்டரில் சீரோ (குறி வைத்த புள்ளியிலேயே குண்டு விழும்படி அமைத்த நிலை) சரியாக நிற்கிறது. எலிவேஷன் டரெட்டை, அதாவது குண்டு விழும் உயரத்தைத் திருத்தும் மேல் திருகை, 6 மில் ஏற்றி அதே 100 மீட்டர் பேப்பரில் சுட்டால் குண்டு 60 செ.மீ. மேலே போய் விழ வேண்டும். முதல் குண்டு 57-ல் விழுகிறது. அடுத்தது 58-ஐத் தாண்டுகிறது. சில குண்டுகள் போன பிறகுதான் 60-க்கு வந்து அங்கேயே நிற்கிறது. டரெட்டை மறுபடி சீரோவுக்கு இறக்கினால் முதல் குண்டே சரியான இடத்தில். அதாவது ஏற்றும்போது மட்டும் தாமதம், இறக்கும்போது இல்லை.

ஸ்கோப்பை வேறு ரைபிளில் மாட்டிப் பார்த்தேன், அங்கேயும் இதே கதை. இந்த ரைபிளில் வேறு ஸ்கோப்பை மாட்டினேன், கோளாறு காணாமல் போனது. ஸ்கோப்பை ரைபிளோடு பிடிக்கும் ரிங்குகளின் ஸ்க்ரூக்களை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, நிறுவனம் சொன்ன அளவுக்குத்தான் இறுக்கியிருக்கிறேன். ஆகவே சந்தேகமே இல்லை, நோய் ஸ்கோப்புக்குள் இருக்கிறது.

சர்வீசுக்கு அனுப்பினேன். சுட்ட பேப்பர்கள், ஒவ்வொரு குண்டுக்கும் எண் போட்டு, ஒரு உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்பினேன். வாரக்கணக்கில் பதில் இல்லை. கடைசியில் ஸ்கோப் திரும்பி வந்தது, கூடவே ஒற்றை வரிச் சீட்டு: "பரிசோதிக்கப்பட்டது. நிர்ணயித்த அளவுக்குள் உள்ளது." நான் ஒட்டிய உறை ஒட்டியபடியே பெட்டிக்குள் கிடந்தது. யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உண்மையில் என்னைக் கோபப்படுத்தியது கோளாறு இல்லை, அந்த உறைதான்.

திரும்ப அனுப்பினேன். இந்தத் தடவை "டரெட் மாற்றப்பட்டது" என்று சீட்டு. கோளாறு அப்படியே. இப்போது மின்னஞ்சல் வந்திருக்கிறது: இந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது, பதிலுக்கு வேறு மாடல் தருகிறோம் என்று. அவர்கள் தருவதாகச் சொல்வது கால் எம்.ஓ.ஏ. கிளிக் (எம்.ஓ.ஏ. இன்னொரு கோண அளவு), ரெட்டிகிளும் வேறு. எந்தத் தூரத்துக்கு எவ்வளவு ஏற்ற வேண்டும் என்ற என்னுடைய அட்டவணை முழுக்க மில்லில் இருக்கிறது.

வாங்கிக்கொள்வதா, இல்லை இதையே பழுது பார்த்துத் தரச் சொல்லி நிற்பதா? வாழ்நாள் வாரன்டி என்று அட்டைப்பெட்டி மேல் பெரிதாகப் போடுகிறார்கள். எத்தனை வருஷத்துக்கு என்று சொல்கிறார்களே தவிர, எதைச் சோதிப்போம், எப்படிச் சோதிப்போம் என்று ஒரு வார்த்தை இல்லை. சோதிக்கவே தெரியாத கோளாறுக்கு வாழ்நாள் முழுக்க வாரன்டி இருந்து என்ன பயன்?

ஓடைக்கரை:

நண்பரே, எனக்கும் இதே அனுபவம், கோளாறு மட்டும் வேறு. என்னுடையதில் உள்ளே பனி படியும். குளிர்ந்த காலையில் வெளியே எடுத்து அரைமணி நேரம் ஆனால் கண்ணாடிக்கு உள்பக்கம் புகை மாதிரி வந்துவிடும். துணியால் துடைத்தால் போகாது, ஏனென்றால் ஈரம் வெளியில் இல்லை. சர்வீஸ் அறையில் ஒரே சீரான வெப்பநிலை. அங்கே போனால் தெளிவாகத்தான் இருக்கும். "லென்ஸ் சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். நான் கேட்டது லென்ஸ் துடைத்துத் தரச் சொல்லியா?

நூல்பிடி:

வெண்புள்ளி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் சிலதைக் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் "ஸ்கோப் கெட்டுவிட்டது" என்று வருகிற பலரிடம் ஸ்கோப் கெட்டிருப்பதில்லை.

ஒன்று, எத்தனை குண்டு குரூப்பை (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் கூட்டம்) வைத்துச் சொல்கிறீர்கள்? மூன்று குண்டு போட்டுவிட்டு சீரோ நகர்ந்துவிட்டது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒரே ரைபிள், ஒரே குண்டு, எதுவும் நகரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 10 குண்டு குரூப்பின் அகலம் சராசரியாக 3 குண்டு குரூப்பைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு வரும். கணக்கு அப்படி, ரைபிளின் குற்றம் இல்லை. 10 குண்டில் 4 செ.மீ. போடுகிற ரைபிளில், 3 குண்டு குரூப்பின் நடுப்புள்ளி தானாகவே அரை செ.மீ.க்கு மேல் அங்கும் இங்கும் போகும். இதைப் பார்த்து ஒரு கிளிக் திருத்துவார்கள், அடுத்த குரூப் எதிர்ப்பக்கம் போகும், மறுபடி திருத்துவார்கள். நாள் முழுக்க டரெட்டைத் துரத்திக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டாவது, உங்கள் 100 மீட்டர் உண்மையில் 100 மீட்டர்தானா? 100 கஜம் என்றால் 91.44 மீட்டர். அங்கே 10 மில் ஏற்றினால் குண்டு ஒரு மீட்டர் ஏறாது, 91.4 செ.மீ.தான் ஏறும். எட்டரை சதவீதம் பிழை என்று அலறிக்கொண்டு ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பியவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தளத்துப் பலகையில் 100 என்று மட்டும் போட்டிருந்தது, அது கஜம்.

வெண்புள்ளி:

கேட்டது சரி, நூல்பிடி. தூரம் அளவு நாடாவால் அளந்தது, 100 மீட்டர். தூக்குக்குண்டு கட்டிச் செங்குத்துக் கோடு போட்டு, ரெட்டிகிளை அதோடு ஒட்டவைத்துத்தான் சுட்டேன். இந்த ரைபிள் 10 குண்டை 3 செ.மீ.க்குள் போடும். சிதறலாக இருந்தால் முதல் குண்டு ஒரு நாள் மேலேயும் ஒரு நாள் கீழேயும் விழ வேண்டும். எனக்கு ஏற்றிய ஒவ்வொரு முறையும் கீழேதான் விழுகிறது, பிறகு வரிசையாக ஏறுகிறது. இறக்கும்போது ஒருமுறைகூட இல்லை. சிதறலுக்குத் திசை தெரியாது.

நூல்பிடி:

அப்படியானால் என் கேள்விகளைத் திரும்பப் பெறுகிறேன். இது ஸ்கோப்தான்.

லென்ஸ்காரர்:

பல வருஷம் ஒளியியல் கருவிகள் பழுது பார்க்கும் பட்டறையில் இருந்தவன். ஸ்கோப், பைனாகுலர், சர்வே கருவி எல்லாம் வரும். வெண்புள்ளி எழுதியதில் "ஏற்றும்போது மட்டும்" என்ற அந்த வரி நூறு பேப்பருக்குச் சமம். ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் இன்னொரு சிறிய குழாய் இருக்கிறது. எரெக்டர் குழாய் என்பார்கள். தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் அதற்குள்தான். அதன் பின்முனை கண் பக்கம் ஒரு மூட்டில் நிற்கும், முன்முனை டரெட்டுகளுக்குக் கீழே அசையும். மேலே இருந்து எலிவேஷன் ஸ்க்ரூ, பக்கவாட்டில் இடவலத் திருத்தத்துக்கான விண்டேஜ் ஸ்க்ரூ, இரண்டும் அந்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் குழாயை ஸ்க்ரூக்களை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் சீரோ மொத்தமும் நிற்பது இந்த ஸ்பிரிங் மேல்தான்.

டரெட்டை இறக்கும்போது ஸ்க்ரூ கீழே வந்து குழாயை நேரடியாகத் தள்ளுகிறது. இரும்பு இரும்பைத் தள்ளுகிறது, தாமதம் வர வழியில்லை. ஏற்றும்போது ஸ்க்ரூ மேலே விலகிப் போகிறது, குழாய் தானாக அதன் பின்னால் போகாது. ஸ்பிரிங்தான் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, மூட்டில் கிரீஸ் இறுகியிருந்தாலோ, எங்காவது உரசல் இருந்தாலோ குழாய் பாதி வழியில் நின்றுவிடும். அடுத்த குண்டின் உதைப்பு அதை உலுக்கும், கொஞ்சம் ஏறும். அதற்கடுத்த உதைப்பில் இன்னும் கொஞ்சம். உங்கள் 57, 58, 60 இதுதான். பழைய ஆட்கள் டரெட்டைத் திருப்பியதும் அதன் தலையில் விரலால் தட்டுவார்களே, அது இந்தத் தயக்கத்தை உலுக்கத்தான்.

டரெட்டை மாற்றினார்கள் என்றீர்கள். டரெட் ஸ்க்ரூவுக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பே இல்லை. ஸ்பிரிங்கையும் மூட்டையும் பார்த்திருக்க வேண்டும்.

இனி, "அளவுக்குள் உள்ளது" என்று ஏன் எழுதுகிறார்கள் என்பது. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. மேசையில் ஸ்கோப்பைப் பிடியில் வைத்து, எதிரே காலிமேட்டர் (தூரத்துக் குறியைப் போலக் காட்டும் ஒளிக்கருவி) வைத்து, டரெட்டைத் திருப்பி, ரெட்டிகிள் எத்தனை நகர்கிறது என்று பார்ப்பார்கள். முழு ஓட்டத்தையும் மேலும் கீழும் ஓட்டிவிட்டு அளப்பார்கள். அந்த ஓட்டத்திலேயே குழாய் இளகிவிடும். அங்கே உதைப்பு இல்லை, குளிர் இல்லை, குழாயைப் பிடித்து இறுக்கும் ரிங்கும் இல்லை. மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் வலி நின்றுபோன நோயாளி மாதிரிதான் ஸ்கோப் அவர்கள் முன் உட்காரும். ரைபிளின் உதைப்பைப் போலவே ஸ்கோப்பை உலுக்கும் உதைப்பு எந்திரம் பல தொழிற்சாலைகளில் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் புது மாடலைச் சோதிக்க. சர்வீசுக்கு வரும் ஒவ்வொரு துண்டையும் அதில் ஏற்றுவதில்லை, ஏற்றச் சொல்லி யாராவது எழுதினால் ஒழிய.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பட்டறைப் பக்கத்து நியாயம். பெட்டி பெட்டியாக ஸ்கோப் வரும். கூடவே வரும் கடிதத்தில் "சரியாகச் சுடவில்லை, பார்க்கவும்" என்று மட்டும் இருக்கும். எதைப் பார்ப்பது? பிரித்தால் உள்ளே பனி படியாமல் இருக்க நிரப்பிய நைட்ரஜன் போய்விடும், மறுபடி வெற்றிடமாக்கி வாயு நிரப்பி மூட வேண்டும். காரணம் தெரியாமல் யாரும் பிரிக்க மாட்டார்கள். ஆகவே மேசைச் சோதனையோடு நிறுத்திவிடுவார்கள்.

வெண்புள்ளி:

ஐயா, இதைத்தான் நான் அந்த நிறுவனத்திடமிருந்து எதிர்பார்த்தேன். இவ்வளவும் வேண்டாம், இதில் பாதி போதும். மிக்க நன்றி.

பெல்லட்:

லென்ஸ்காரர் அண்ணா, ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது ஸ்பிரிங் ஏர் ரைபிள், மடக்கும் குழல். ரைபிளே உதைக்காத மாதிரிதான் இருக்கு, ஆனா ஸ்கோப் ஒண்ணு மாத்தி ஒண்ணு போகுது. .308 தாங்குற ஸ்கோப்னு சொல்லித்தான் வாங்கினேன். அதுவும் ரெட்டிகிள் சாஞ்சு போச்சு. சர்வீஸ்ல "தவறான பயன்பாடு"ன்னு சொல்லி வாரன்டியே தரல.

லென்ஸ்காரர்:

தம்பி, உங்கள் ரைபிள் .308-ஐ விடக் கொடுமையானது, ஸ்கோப்பைப் பொறுத்தவரை. வெடிமருந்து ரைபிள் பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் போகிறது, பிஸ்டன் குழாயின் முனையில் போய் நிற்கும்போது ரைபிள் மொத்தமும் முன்னால் வெட்டும். இரண்டும் ஒரு கண்ணிமைக்கும் நேரத்துக்குள். சாதாரண ஸ்கோப்பில் லென்ஸையும் ரெட்டிகிளையும் பின்னால் வரும் உதைப்பைத் தாங்கும்படி முட்டுக்கொடுத்திருப்பார்கள். முன்னால் வரும் வெட்டுக்கு முட்டு இருக்காது. "ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது" என்று தயாரிப்பாளரே எழுத்தில் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். அந்த வரி இருந்தால் "தவறான பயன்பாடு" என்று அவர்களால் சொல்லவும் முடியாது.

மடக்கும் குழல் என்பதால் இன்னொரு சிக்கல். பல ரைபிளில் குழல் ஸ்கோப்பின் பார்வைக்கோட்டை விடச் சற்றுக் கீழ் நோக்கி இருக்கும். அதைச் சரிக்கட்ட எலிவேஷனை ஏற்றிக்கொண்டே போவார்கள். மேலே சொன்னேனே, ஏற்ற ஏற்ற ஸ்க்ரூ விலகும், ஸ்பிரிங் நீண்டு தளரும். உச்சியில் எரெக்டர் குழாய் பிடிமானமே இல்லாமல் மிதக்கும், சீரோ ஒரு இடத்தில் நிற்காது. இதற்கு மருந்து ஸ்கோப் மாற்றுவது இல்லை. முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த மவுண்ட் (ஸ்கோப்பைத் தாங்கும் பிடி) போட வேண்டும். டரெட் அதன் மொத்த ஓட்டத்தில் நடுப்பக்கமாக நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்லட்:

டரெட் முழுக்க மேலதான் நிக்குது அண்ணா. மவுண்ட் மாத்துறேன்.

கழுகுப்பார்வை:

இத்தனை தலைவலி எதற்கு? நல்ல விலை கொடுத்து நல்ல ஸ்கோப் வாங்கினால் சர்வீஸ் பேச்சே வராது.

நூல்பிடி:

வரும். விலை கூடினால் கண்ணாடி தெளிவாகும், விளிம்பில் நிறம் பிரியாது, மங்கிய வெளிச்சத்தில் அதிகம் தெரியும். அசையும் பாகங்கள் கண்ணாடியைப் பார்த்துத் தரமாக வருவதில்லை. மேசையில் ரைபிளைத் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களைப் பாருங்கள். துளி நகர்வுகூட ஆகாது அவர்களுக்கு. விலை உயர்ந்த ஸ்கோப்பையே வாங்கி, உள்ளே எரெக்டரை அசையாமல் இறுக்கி உறையவைத்து, திருத்தம் முழுவதையும் வெளி மவுண்டில் செய்பவர்கள் அவர்களில் உண்டு. உள்ளே அசையும் பாகத்தை நம்ப முடியாது என்று அனுபவத்தில் கண்டதால்தானே அப்படி? இரண்டு ஸ்கோப்பை ஒரே கட்டையில் பக்கத்தில் பக்கத்தில் பூட்டி, ஒரே புள்ளியில் வைத்து, சுட்ட பிறகு இரண்டும் அதே புள்ளியில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவர்கள் வழக்கம். ஒன்று விலகியிருந்தால் இரண்டில் ஒன்று நகர்ந்திருக்கிறது.

பழைய நெடுந்தூர டார்கெட் ஸ்கோப்புகளில் உள்ளே எதுவுமே அசையாது. அமெரிக்க மரைன்கள் இரண்டாம் உலகப் போரில் ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளில் வைத்த யூனெர்ட்ல் 8 மடங்கு ஸ்கோப் அப்படிப்பட்டது. மவுண்டில் இருக்கும் மைக்ரோமீட்டர் மொத்தக் குழாயையும் நகர்த்தும். எடை அதிகம், அழுக்கும் மழையும் மவுண்டில் புகும், அதனால்தான் உள் திருத்தம் வென்றது. ஆனால் வெற்றிக்குக் கொடுத்த விலை அந்தச் சின்ன ஸ்பிரிங்.

அல்லி:

நான் போட்டிகளில் சுடுபவள், வருஷத்துக்கு எத்தனை உபகரணம் சர்வீசுக்குப் போய்வருகிறது என்று கணக்கே இல்லை. வெண்புள்ளி, அந்த மாற்று மாடலை வாங்காதீர்கள், இப்போதைக்கு. வாங்கிவிட்டால் விவகாரம் முடிந்ததாகப் பதிவாகிவிடும், சீரியல் நம்பரும் மாறிவிடும். அதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. பட்டறை ஆள் நின்றபடி படிப்பார், அதற்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும்.

முதல் வரியிலேயே கோளாறு, திசையோடு: "எலிவேஷனை 6 மில் ஏற்றினால் 0.3 மில் குறைவாக ஏறுகிறது, உதைப்புக்குப் பின் சரியாகிறது, இறக்கும்போது கோளாறு இல்லை." அடுத்த வரி, வேறு ரைபிளிலும் அதே, இந்த ரைபிளில் வேறு ஸ்கோப் சரி. மூன்றாவதாக, நீங்கள் கேட்பது: எரெக்டர் ஸ்பிரிங்கையும் மூட்டையும் பார்க்க வேண்டும், உதைப்பு எந்திரத்தில் ஏற்றி ஏற்றத்தை அளக்க வேண்டும், அளந்த எண்களை எழுதித் தர வேண்டும். "சரிபார்க்கவும்" என்ற சொல்லே கடிதத்தில் வரக்கூடாது. அந்தச் சொல்லுக்கு அவர்கள் என்ன அர்த்தம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள்.

பேப்பரை உறையில் போடாதீர்கள். எண் போட்ட டார்கெட்டைப் படம் எடுத்து, கடிதத்தின் பின்பக்கமே அச்சிடுங்கள். ஸ்கோப்பைச் சுற்றி அந்தக் காகிதத்தை ரப்பர் பேண்டால் கட்டுங்கள், ஸ்கோப்பை எடுக்க வேண்டுமென்றால் காகிதத்தைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். ரிங்குகளைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள், மாட்டியபடி அனுப்பினால் அவை திரும்பி வராது. குழாயில் ரிங் தடம் இருந்தால் அதையும் முன்கூட்டியே படம் எடுத்து வையுங்கள். ஆழமான தடத்தைக் காட்டி "அதிகம் இறுக்கியதால் வந்தது" என்று வாரன்டியைத் தட்டிக்கழிக்க இடம் உண்டு. உங்கள் டார்க் ரெஞ்ச் அளவை எழுதிவிடுங்கள்.

வாரன்டி வாசகத்தையும் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். வாழ்நாள் என்றால் யாருடைய வாழ்நாள்? சில இடத்தில் முதலில் வாங்கியவருக்கு மட்டும், சில இடத்தில் கைமாறினாலும் உண்டு. ஒளிரும் ரெட்டிகிளின் மின்பகுதிக்குத் தனியாகக் குறுகிய காலம் வைத்திருப்பார்கள். "பழுது பார்ப்பது அல்லது மாற்றித் தருவது நிறுவனத்தின் விருப்பம்" என்ற வரி பெரும்பாலும் இருக்கும், ஆனால் "ஒப்பான" அல்லது "சமமான" என்று எழுதியிருந்தால் மில் ஸ்கோப்புக்குப் பதில் எம்.ஓ.ஏ. ஸ்கோப் சமம் இல்லை என்று நீங்கள் வாதாடலாம். 1 மில் என்பது 3.44 எம்.ஓ.ஏ. வேறு அளவு முறை, வேறு ரெட்டிகிள், வேறு கிளிக். சமம் என்று எந்த நடுவரும் சொல்ல மாட்டார்.

தயாரிப்பாளர் வேறு நாட்டில் என்றால் இன்னும் ஒரு அடுக்கு. ரைபிள் ஸ்கோப் பல நாடுகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் அது வணிகத்துறையின் 0ஏ504 என்ற வகைப்பாட்டில் வருகிறது. பழுது பார்த்ததைத் திருப்பி அனுப்பவும் தாள்கள் வேண்டும். தாமதத்துக்கு எல்லா நேரமும் பட்டறை காரணம் இல்லை. போகும்போதே "பழுதுக்காகப் போகிறது, திரும்பி வரும்" என்று சுங்கத் தாளில் சீரியல் நம்பரோடு எழுதாவிட்டால், திரும்பி வரும்போது புதுப் பொருள் என்று தீர்வை கேட்பார்கள்.

ஓடைக்கரை:

அல்லி அக்கா, என் பனிக்கு என்ன எழுதுவது?

அல்லி:

படம்தான் உங்கள் சாட்சி. பனி படிந்திருக்கும்போது கண்பக்கமும் முன்பக்கமும் எடுங்கள், ஒரு வெப்பமானியும் படத்தில் தெரியட்டும். "குளிர்ந்த பிறகு உள்பக்கம் ஈரம், வாயுக்கசிவு சோதனை வேண்டும்" என்று எழுதுங்கள்.

லென்ஸ்காரர்:

ஆமாம். வெதுவெதுப்பான நீரில் மூழ்கவைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். வெந்நீர் உள்ளே இருக்கும் வாயுவை விரியவைக்கும், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களில் (ஓ-ரிங்) எது விட்டதோ அங்கிருந்து குமிழி வரும். வீட்டில் செய்ய வேண்டாம், ஏற்கெனவே கசியும் ஸ்கோப்புக்குள் ஆறும்போது தண்ணீரையே உறிஞ்சவைத்துவிடுவீர்கள். 1947-ல் லியூபோல்டு நிறுவனம் நைட்ரஜன் நிரப்பிய ஸ்கோப்பைக் கொண்டுவந்ததே இந்தப் பனிக்காகத்தான். தீர்வு தெரிந்து அத்தனை காலமாகிறது. ஓ-ரிங் மாற்றி, வாயு நிரப்பி மூடுவது எந்தப் பட்டறைக்கும் பெரிய வேலை இல்லை. லென்ஸைத் துடைத்து அனுப்பியது சோம்பல், வேறு பெயர் கிடையாது.

கழுகுப்பார்வை:

நான் முன்னால் சொன்னதை மாற்றிச் சொல்கிறேன், விலை வேண்டாம், சர்வீசைப் பார்த்து வாங்கலாம். சில நிறுவனங்கள் கேள்வியே கேட்காமல் புதிதாகக் கொடுத்துவிடுகின்றன. பழுது பார்ப்பதை விட அது நல்லதுதானே?

வெண்புள்ளி:

கையில் உடனே ஒரு ஸ்கோப் கிடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழையதைத் திறந்து பார்க்காமலே ஒதுக்கிவிட்டு அதே வரிசையிலிருந்து இன்னொன்றை அனுப்பினால், அதே தளர்ந்த ஸ்பிரிங் எனக்குத் திரும்பி வரலாம். ஏன் கெட்டது என்று யாருக்கும் தெரியாமலே போகிறது, அடுத்த தொகுப்பும் அப்படியே வரும். கேள்வி கேட்காத சர்வீசைப் பெருமையாகப் பேசுகிறோம். எனக்கு என்னிடம் கேள்வி கேட்கிற சர்வீஸ்தான் வேண்டும். எந்தத் திசையில், எத்தனை குண்டுக்குப் பின், என்ன குளிரில் என்று கேட்கட்டும்.

நூல்பிடி:

இதில் நான் வெண்புள்ளி பக்கம். பல பிராண்டுகளுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது, வேறு யாரோ செய்து தருவதில் தங்கள் பெயரைப் பொறிக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் திறந்து பார்க்க ஆளும் இருக்காது, பாகமும் இருக்காது. மாற்றித் தருவதைத் தவிர வேறு வழியில்லை. அதைத் தாராளம் என்று விளம்பரம் செய்கிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைத் திறந்து பழுது பார்க்கும் பட்டறை எங்கே இருக்கிறது? பதில் சுற்றிவளைத்து வந்தால் புரிந்துகொள்ளலாம்.

வெண்புள்ளி:

எல்லோருக்கும் தகவல். அல்லி சொன்ன வடிவத்தில் கடிதம் எழுதி, லென்ஸ்காரர் ஐயா சொன்ன காரணத்தையும் இரண்டு வரியில் சேர்த்து அனுப்பினேன். மாற்று மாடல் வேண்டாம், சமமானது இல்லை என்றும் எழுதினேன். இந்தத் தடவை பட்டறையிலிருந்து ஒருவர் நேரடியாகத் தொலைபேசியில் பேசினார். கடிகார முள் திசைக்கு எதிராகத் திருப்பினால் ஏறும் டரெட்தானே என்று கேட்டார், குளிரில் அதிகமா என்று கேட்டார். அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. திறந்து பார்த்து எரெக்டர் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறார்கள், மூட்டில் பழைய கிரீஸ் கெட்டியாகியிருந்ததாம். தாளில் எண்கள் எழுதி வந்திருக்கின்றன: 10 மில் ஏற்றத்துக்கு அளந்தது 10.0, இறக்கி வந்தபோது 0.0. உதைப்பு எந்திரத்தில் ஏற்றிய பிறகு எடுத்த அளவு என்று தனியாகக் குறிப்பும் இருக்கிறது.

முதலிலேயே இதைச் செய்திருக்க முடியும் என்பதுதான் இன்னும் வருத்தம். கடிதம் எழுதத் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கும் சர்வீஸ் எனக்குப் போதவில்லை. "சரியாகச் சுடவில்லை" என்று மட்டும் எழுத வருகிறவரை அழைத்து நாலு கேள்வி கேட்பது அவர்கள் வேலை.

ஒரு சந்தேகம். ரைபிளில் ஏற்றிப் பூட்டியதும் பக்கவாட்டு ஃபோகஸ் குமிழ் முன்பை விட இறுக்கமாகத் திரும்புகிறது. மறுபடி அனுப்ப மனமில்லை.

லென்ஸ்காரர்:

அனுப்பாதீர்கள், பொறுங்கள். கழற்றி மேசையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். அங்கே லேசாகத் திரும்பினால் ஸ்கோப்பில் குறை இல்லை, முன் ரிங் நெரிக்கிறது. பக்கவாட்டு ஃபோகஸுக்கான லென்ஸ் டரெட்டுக்கு முன்னால் குழாய்க்குள் ஓடுகிறது, முன் ரிங் அதன் மேல்தான் உட்காருகிறது. பின் ரிங் நெரித்தால் எரெக்டர் பக்கம் கோளாறு வரும், முன் ரிங் நெரித்தால் ஃபோகஸ் இறுகும். எத்தனை வைத்து இறுக்கினீர்கள்?

வெண்புள்ளி:

2 நியூட்டன் மீட்டர், ரிங் பெட்டியில் போட்டிருந்தபடி. ஆனால் இந்தத் தடவை ஸ்க்ரூக்களில் பூட்டும் பசை போட்டேன், ஒரு காணொளியில் சொன்னார்கள் என்று.

லென்ஸ்காரர்:

ஈரப் பசை மரையில் வழுக்கலாக வேலை செய்யும். உரசல் குறைந்துவிடுவதால் அதே 2 நியூட்டன் மீட்டரில் ரிங் இன்னும் அதிகமாக நெரிக்கும். அந்த அளவு உலர்ந்த மரைக்கானது. பசையைத் துடைத்துச் சுத்தம் செய்து, உலர்ந்த ஸ்க்ரூவில் 1.7 வைத்து ஆரம்பியுங்கள், இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கும்படி மாற்றி மாற்றி இறுக்குங்கள். பூட்டும் பசை, ரிங்குகள் உட்காரும் பேஸை ரைபிளில் பூட்டும் ஸ்க்ரூவுக்குப் போதும். ஃபோகஸ் லேசானதும் 6 மில் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். டரெட்டை முன்கூட்டி மேலும் கீழும் ஓட்டாதீர்கள், சீரோவில் ஒரு இரவு அப்படியே விட்டு, காலையில் குளிர்ந்த ஸ்கோப்பில் நேராக 6 ஏற்றிச் சுடுங்கள். பார்க்க வேண்டியது முதல் குண்டை மட்டும்.

வெண்புள்ளி:

ரிங்கேதான் ஐயா. கழற்றி மேசையில் வைத்ததும் குமிழ் லேசாகிவிட்டது. பசையைச் சுத்தம் செய்து 1.7-ல் பூட்டினேன், இப்போதும் லேசாகவே திரும்புகிறது. குளிர்ந்த காலையில் 6 ஏற்றிய முதல் குண்டு 59.5 செ.மீ.

லென்ஸ்காரர்:

3 செ.மீ.க்குள் போடும் ரைபிளில் அரை செ.மீ. சிதறல்தான், ஸ்கோப் சரியாகிவிட்டது. அந்த எண்கள் எழுதிய தாளைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த முறை ஏதாவது வந்தால் அதிலிருந்துதான் ஒப்பிட வேண்டும்.